அலசிப் போட்ட பாவாடை

பச்சையம்மா என்கிட்ட அரைக்கிலோ மல்லிப்பூ வாங்கியாரச் சொன்னா. கட்டுன பூ வேணாம், உதிரியா வேணும்னா. பன்னெண்டு வருசமா தோணிரேவுக் கரையில அவகிட்ட எறா எடுக்குறேன், ஒரு நாளு அவ தலையில பூ பாத்ததில்ல. எதுக்குக்கான்னு கேக்க வாயெடுத்தவ, அவ மூஞ்சியப் பாத்துட்டு மூடிக்கினேன். மருமவளுக்குப் பால் கட்டிக்கிச்சி. குடிக்கப் புள்ள இல்ல. மல்லிப்பூவ மாருல வெச்சிக் கட்டுனா பால் வத்தும்னு எங்க பக்கத்துல செய்வாங்க.

நான் சரோஜா. ஊடு பழவேற்காட்டுல. ஒரு டிவிஎஸ் வண்டி, பின்னால ஐஸ் பெட்டி, மடியில தராசு, இதான் என் ஆஸ்தி. தோணிரேவு, சுண்ணாம்புக்குளம்னு ஏரிக்கரையா சுத்தி, கையால எறா புடிக்கிற சனங்ககிட்ட எடுத்து மார்க்கெட்டுல போடுறது பொழப்பு. வாய் கொஞ்சம் நீளம். எங்க ஊட்டுக்காரரு உசுரோட இருந்தப்பவே சொல்லுவாரு, ஐஸ் பெட்டிக்கு மூடி வாங்குன கடையில ஒனக்கும் ஒன்னு வாங்கியாந்திருக்கலாம்னு. மனுசன் சரியாத்தான் சொல்லிட்டுப் போனாரு.

கையால எறா புடிக்கிறதுன்னா இன்னான்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். வலை கெடையாது, படகு கெடையாது. இடுப்பளவு தண்ணியில முட்டி போட்டுக்கினு, ரெண்டு கையையும் அடிச்சேத்துல வுட்டுத் தடவிக்கினே நவரணும். பனையோலையில பின்னுன பறின்னு ஒரு கூடை. ரெண்டு கையும் வேலையில இருக்குறதால அதோட கயித்தப் பல்லுல கடிச்சிக்கணும். எறா தட்டுப்பட்டா ஒரு அமுக்கு, தூக்கிப் பறியில போடு. கலங்குன தண்ணியில கண்ணு இன்னா தெரியும்? எல்லாம் வெரலுதான். இது எறா, இது நண்டுப் பொந்து, இது கெளுத்தி, முள்ளு ஏறும் கைய எடுன்னு வெரலு சொல்லும். மார்கழித் தண்ணியில அஞ்சு மணிக்கு எறங்குனா ஒம்போது மணிக்கு வெரலெல்லாம் வெளுத்து சுருங்கிப்போயி ஏறி வருவாங்க. பச்சையம்மாவுக்கு அம்பது வயசு. இந்தக் கரையில அவ அளவுக்கு யாரும் புடிக்க மாட்டாங்க.

அவ புள்ள மோகன்குமார். அவன் பொண்டாட்டி தேவி, சுண்ணாம்புக்குளத்துப் பொண்ணு, இருவத்திரெண்டு வயசு. ஆந்திரா எல்லையில, அப்பாவ நைனான்னு கூப்புடுற ஊரு. கல்யாணமாயி ரெண்டு வருசம், இது தலைச்சன். மார்கழி கடைசியில வலி வந்து டவுன் ஆஸ்பத்திரிக்கி இட்டுனு போனாங்க. காலையில எட்டு மணிக்குப் போனவள சாயங்காலம் நாலு மணிக்குக் கீறி எடுத்தாங்க. ஆம்பளப் புள்ள, மூணு கிலோ. அழல. ஆஸ்பத்திரி பேர நான் சொல்ல மாட்டேன், எல்லா ஊர்லயும் அப்படி ஒன்னு இருக்கு.

அங்க இருந்த டாக்டரம்மா மோகனக் கூப்புட்டு, நெறமாசக்காரிய ஏரியில எறக்கி வேல வாங்கியிருக்கீங்க, வந்தப்பவே துணியெல்லாம் சேறு, அப்பறம் புள்ளைக்கு மூச்சு முட்டாம இன்னா பண்ணும்னு சொல்லிச்சாம். மோகன் அழுதுக்கினே ரெண்டு பேருகிட்ட சொன்னான். மூணே நாளுல அந்தப் பேச்சு ஏரியச் சுத்தி வந்துடுச்சி. ஏரிய தினம் சுத்துறவ யாரு? நான்தான். ஒரு கரையில எறா நிறுத்துக்கினே சொன்னேன், அடுத்த கரையில ஐஸ் ஒடச்சிக்கினே சொன்னேன். "கேட்டீங்களா சேதிய, வயித்துப் புள்ளையோட எறங்கிக்கீறா, கொன்னுட்டா." நரம்பில்லாத நாக்குதானே.

பூவ எடுத்துக்கினு அவங்க ஊட்டுக்குப் போனேன். கவர்மெண்டு கட்டிக் குடுத்த ஒத்த ரூமு, முன்னால ஓலை எறக்கி அடுப்பு. தேவி செவுத்துல சாஞ்சி ஒக்காந்திருந்தா. நைட்டி முன்பக்கம் ரெண்டு எடத்துல ஈரம். தையல் போட்ட வயித்த ஒரு கையால புடிச்சிக்கினு, என்னப் பாத்ததும் எழுந்திருக்கப் பாத்தா.

"ஒக்காரும்மா. எனக்காக எழுந்திருக்கணுமா இன்னா," ன்னேன்.

பச்சையம்மா பூவ வெள்ளத்துணியில கொட்டி மடிச்சா. அடுப்புல பூண்டு ரசம் கொதிச்சிக்கினு இருந்துச்சி. புள்ள பெத்தவளுக்குப் பால் ஊறட்டும்னு பால்சுறா வாங்கிப் புட்டு பண்ணுவாங்க. நானே ரெண்டு சுறாக் கருவாடு எடுத்து வெச்சிருந்தேன். அத இன்னா பண்றதுன்னு தெரியாம என் ஊட்டுப் பரண்ல கெடந்துச்சி.

"மனச வுட்டுடாத தேவி. மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான். இன்னும் வயசு கெடக்கு," ன்னேன். எல்லாரும் சொல்றதத்தான் நானும் சொன்னேன்.

தேவி கேட்டா, "சரோஜாக்கா, ஏரித்தண்ணி வயித்துக்குள்ள போவுமாக்கா? உள்ள இருக்குற புள்ளைக்குக் குளுரு தெரியுமா?"

"எனக்கு இன்னாம்மா தெரியும். டாக்டரு படிச்சவங்க. தெரியாமலா சொல்லுவாங்க?"

இத நான்தான் சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். அந்தப் பக்கம் பச்சையம்மா கையிலேர்ந்த கரண்டி நழுவி விழுந்துச்சி. எடுத்துக் கழுவிட்டு மறுபடி ரசத்தக் கலக்குனா. அப்போ எனக்கு ஒன்னும் தோணல.

மோகன் வாசல்ல நின்னுக்கினே சோறு தின்னுட்டுப் போனான். பொண்டாட்டி பக்கம் திரும்பல. "ஏன்டா, அவகிட்ட ஒரு வார்த்த பேசுனா கொறஞ்சா பூடுவ?" ன்னு நான் பின்னாலேயே போயி கேட்டேன்.

"நான் அவள இன்னாக்கா கேட்டேன்? ஒன்னும் கேக்கலியே."

"கேக்காததுதான்டா தப்பு."

"கேட்டா இன்னா சொல்லுவா? எறங்கலன்னுவா. டாக்டரு எறங்குனான்னுது. நான் அன்னிக்கி விடிகாலையில நண்டுக்குப் போயிட்டேன், எனக்கு யாரு சொல்றது நெசம்னு தெரியல. அம்மாவக் கேட்டா அம்மா வாயே தொறக்க மாட்டேங்குது."

கண்ணத் தொடச்சிக்கினு போயிட்டான். பாவம், அவனும் சின்னப் பையன்தான்.

தை பொறந்து ஒரு வாரம் போயிருக்கும். ஊருக்கு வர்ற நர்ஸு ஜமுனா வந்து சொல்லிச்சி, பொறந்த புள்ள செத்தா மாவட்டத்துலேர்ந்து பெரிய டாக்டரு வந்து விசாரிப்பாங்க, புதன்கிழம நம்ம சுகாதார நிலையத்துக்கு வராங்க, தேவியும் கூட இருந்தவங்களும் வந்து நடந்தத நடந்தபடி சொல்லணும்னு. கூட இருந்தது பச்சையம்மா ஒருத்திதான். "எனக்கு ஒன்னும் தெரியாது, நான் வெளியதான் குந்தியிருந்தேன்," னு அவ சொல்லிட்டா.

எனக்குக் கோவம் வந்துச்சி. மறுநாளு காலையில கரைக்குப் போனா, எல்லாரும் ஏறிட்டாங்க, பச்சையம்மா மட்டும் இன்னும் தண்ணியில. வாடைக் காத்து சுருக்குசுருக்குனு அடிக்குது. நான் பொடவையத் தூக்கிச் செருகிக்கினு முட்டியளவு எறங்கிப் போனேன்.

"ஏக்கா, மருமவளுக்காவ ஒரு நாளு வந்து நாலு வார்த்த சொல்லக் கூடாதா? எறங்குனாளோ இல்லியோ, எறங்கலன்னு சொல்லிட்டுப் போயேன். யாரு கேமரா வெச்சிப் பாத்தாங்க?"

அவ பல்லுலேர்ந்த கயித்த எடுத்தா. பறி காத்துல அந்தாண்ட போயி ஆடுச்சி. உள்ள ஒரு எறாகூட இல்ல. நாலு மணி நேரமா தண்ணியில இருந்துக்கினு ஒன்னுகூடப் புடிக்காத பச்சையம்மாவ அன்னிக்கித்தான் பாத்தேன்.

"இன்னாமே சொன்ன, எறங்குனாளோ இல்லியோவா? தேவி பறி ஒன் தராசுக்கு வந்து எத்தினி நாளாச்சி?"

நான் யோசிச்சேன். கார்த்திக தீபத்துக்கு முந்தி வந்துச்சி. அப்பால வரல. தோணிரேவுல ஏரியிலேர்ந்து வர்ற எறா எல்லாம் என் கையிலதான் ஏறணும். அவ எறங்கலன்னு இந்த ஊர்ல யாருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

"அப்போ துணியில சேறுன்னு டாக்டரு சொல்லிச்சே?"

"நீ கரைக்கிப் போ, நான் வரேன்," னு சொன்னவ வரல. அங்கியே நின்னுக்கினு சொன்னா. கை ரெண்டும் தண்ணிக்குள்ளயே இருந்துச்சி.

"அன்னிக்கி விடிகாலையில நான் எறங்கிட்டேன். தேவிக்கு வலி எடுத்துடுச்சின்னு பக்கத்தூட்டு லட்சுமி கரையிலேர்ந்து கூப்புட்டா. அப்படியே ஏறி ஓடனேன். துணி மாத்தணும்னு தோணல, இடுப்புக்குக் கீழ பூரா சேறு. நம்ம ஊரு விமலோட ஷேர் ஆட்டோ கெளம்பிக்கினு இருந்துச்சி, அதுல ஏத்துனோம். போற வழி முழுக்க அவ என் மடியிலதான் படுத்துக்கினு வந்தா. எட்டு மணிக்கு வயித்துல மிஷின வெச்சிப் பாத்துட்டு, புள்ள நல்லா இருக்கு, இன்னும் நேரம் இருக்குன்னாங்க. என்ன வெளிய அனுப்பிட்டாங்க."

"சரி."

"பதினோரு மணி இருக்கும். தண்ணிக் கொடம் ஒடஞ்சிச்சி. சிஸ்டரு வாசல்லேர்ந்தே கத்துது, இன்னா நீங்க, ஏரிச்சேத்தோட பெட்டுல ஏத்திட்டீங்க, பெட்டு பூரா ஆயிடுச்சி, பாவாடைய மாத்து, அலசிப் போடுன்னு. ஆயா பாவாடைய எடுத்தாந்து என் கையில தூக்கிப் போட்டுச்சி. அங்க பத்து பேரு குந்திக்கினு இருக்காங்க. எல்லாரும் என்னைய பாக்குறாங்க. நான் என் பொடவையப் பாத்துக்கினேன். காஞ்ச சேறு. ஐயோ, என் சேறுதான் அவ மேல ஒட்டிக்கினு வந்துடுச்சி, என்னாலதான் அவ திட்டு வாங்குறான்னு வெக்கமாப் போச்சி. ஓடிப்போயி கொழாயடியில நின்னேன்."

"அப்பால?"

"தண்ணிய வுட்டு ஒரு தேய் தேச்சேன். கைக்குத் தெரிஞ்சிபோச்சி."

"இன்னா தெரிஞ்சிபோச்சி?"

"சேறு இல்ல அது."

அவ ஒரு கை சேத்த அடியிலேர்ந்து அள்ளி என் உள்ளங்கையில வெச்சா. "தேச்சுப் பாரு. நெறநெறன்னு இல்ல? கறுப்பா இல்ல? தண்ணியில வுட்டா அடியில போயி ஒக்காந்துக்கும். அது அப்படி இல்லமே. பச்சையா, வழவழன்னு, வெரலு நடுவுல நழுவுது. சேத்து வாசனையே இல்ல. முப்பத்தஞ்சு வருசமா என் கை சேத்துலதான் கெடக்குது. எனக்குச் சேறு தெரியாதா?"

"தெரிஞ்சப்பவே போயி சொல்லக் கூடாதாக்கா?"

"போனேன். கதவாண்ட போனேன். உள்ள இன்னொருத்திக்குப் புள்ள பொறந்துக்கினு இருக்கு, சிஸ்டரு ஒத்த ஆளா ஓடுது. வாட்ச்மேன் சேத்தோட எங்க வரன்னான். அவங்க படிச்சவங்க. சேறுன்னு சொல்லிட்டாங்க. என் கை இல்லன்னுது. கையப் போயி நான் சாட்சி சொல்லச் சொல்றதா? திரும்பிட்டேன். திரும்பிப்போயி நல்லா சோப்பு போட்டு அலசுனேன்மே. ஒரு கறை இல்லாம, பளிச்சினு. இன்னொருத்தர் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு அலசுனேன். புழிஞ்சி கம்பியில காயப் போட்டுட்டு, பேரப்புள்ளைக்குன்னு கொண்டாந்த துணிய மடிச்சி வெச்சிக்கினு ஒக்காந்திருந்தேன்."

அவ அழுவல. கையத் தண்ணியில அலசிக்கினே மேல சொன்னா.

"அவ உள்ளேர்ந்து கத்துறா. அத்த, துள்ளிக்கினே இருந்தான், இப்ப ஓய்ஞ்சிட்டான் அத்தன்னு. சிஸ்டரு, வலி வந்தா அப்படித்தான் இருக்கும், கத்தாதன்னுது. ரெண்டு மணிக்குத்தான் மறுபடி மிஷின வெச்சாங்க. அப்பறம் எல்லாம் ஓடுறாங்க. மயக்கம் குடுக்குற டாக்டரு வரணுமாம். அவரு வந்து சேரச்சொல்ல மணி மூணரை."

"இத அப்படியே புதன்கிழம சொல்லு."

"எப்படிமே சொல்றது? சொன்னா, தெரிஞ்சும் அலசிட்டு வந்து ஒக்காந்தவ இவன்னு எம்புள்ள கேக்க மாட்டானா? அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"சொல்லாட்டி? கொன்ன பேரு அவளுக்குத்தானே."

பச்சையம்மா பறிய இழுத்துக் கயித்தப் பல்லுல கடிச்சிக்கினு திரும்பி ஏரிக்குள்ள போயிட்டா. வருவாளா மாட்டாளான்னு எனக்குப் புதன்கிழம வரைக்கும் தெரியாது.

வந்தா. எண்ணெ வெச்சித் தல சீவி, இருக்குறதுல நல்ல பொடவையக் கட்டிக்கினு, நகக்கண்ணுல இருந்த சேத்தக்கூட ஊசியால எடுத்துட்டு வந்திருந்தா. விசாரிக்க வந்த பெரிய டாக்டரம்மா நரச்ச தலையோட, சாதாரணமா இருந்துச்சி. எங்க எல்லாரையும் நாற்காலியில ஒக்காரச் சொல்லிச்சி. ஒரு பக்கம் அந்த சிஸ்டரு, பேரு சோபியாவாம், முப்பது வயசுகூட இருக்காது. கைக்குட்டைய முறுக்கிக்கினே இருந்துச்சி. பிரசவம் பாத்த டாக்டரம்மா வரல, எழுதி மட்டும் குடுத்தனுப்பியிருந்துச்சி.

பெரிய டாக்டரம்மா கேஸ் ஷீட்டப் படிச்சிச்சி. தாய் அன்று காலை வரை ஏரியில் வேலை செய்துள்ளார். பனிக்குட நீர் தெளிவாக இருந்தது. அரைமணிக்கு ஒருமுறை குழந்தையின் துடிப்பு பார்க்கப்பட்டது, நன்றாக இருந்தது. தேவி தலைய நிமுத்தவே இல்ல. தப்பு பண்ண புள்ள வாத்தியார் எதுக்க குந்தியிருக்குற மாதிரி குந்தியிருந்தா.

"நீ ஏரியில எறங்குனியாம்மா?"

"தெரியல மேடம்," னா தேவி.

இன்னாது, தெரியலியா? நான் எழுந்துட்டேன். "மேடம், நான் எறா வியாபாரி. கார்த்திக தீபத்துலேர்ந்து இவ எறா எனக்கு ஒரு நாளு வரல. இவ எறங்கல. எங்க வேணா கையெழுத்து போடுறேன்." ஏரி பூரா மாத்திப் பேசுனதும் நான்தான்னு அங்க சொல்லல. தைரியம் வரல.

"அப்போ துணியில இருந்த சேறு?"

பச்சையம்மா எழுந்து நின்னா. ஒக்காந்தே பேசலாம்மான்னு சொல்லியும் ஒக்காரல.

"சேறு இல்லீங்க அது. பாவாடைய அலசுனது நான். பச்சையா, வழவழன்னு இருந்துச்சி. சேறு இல்லன்னு என் கைக்கு அப்பவே தெரியும். நான் சொல்லல. சோப்பு போட்டு அலசிட்டேன்."

தேவி தலைய நிமுத்தி மாமியாவப் பாத்தா. மோகன் எழுந்துட்டான். "யம்மா, இன்னாம்மா சொல்ற?"

"நெசத்தத்தான்டா சொல்றேன். ஒம் பொண்டாட்டி எறங்கல. சேத்தோட போனவ நான்."

பெரிய டாக்டரம்மா பேனாவ வெச்சிட்டு சிஸ்டரு பக்கம் திரும்பிச்சி. "சேறுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. ஷீட்டுல தெளிவான நீருன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எது சரி?"

சோபியா மெதுவா சொல்லிச்சி. "கிட்டப் போயி பாக்கல மேடம். அன்னிக்கி நாலு பேரு வலியில, நான் ஒரே ஆளு. வாசல்லேர்ந்து பாத்தேன். அந்தம்மா பொடவையில சேறு இருந்துச்சி, அதனால இதுவும் சேறுன்னு நெனச்சிட்டேன்."

"துடிப்பு?"

"எட்டு மணிக்குப் பாத்தேன். அப்பறம் ரெண்டு மணிக்கு. நடுவுல இருக்குறதெல்லாம் அப்பறமா எழுதுனது."

"யாரு எழுதச் சொன்னா?"

அந்தப் பொண்ணு டாக்டரம்மா எழுதி அனுப்புன காகிதத்தப் பாத்துச்சி. அழுதுக்கினே, "அந்தப் பொண்ணு ஓய்ஞ்சிட்டான்னு சொன்னப்ப நான் போயிருக்கணும்," னு மட்டும் சொல்லிச்சி. அது மேல இருந்த கோவம் எனக்குப் பாதி கொறஞ்சிபோச்சி. மீதிப் பாதி இன்னும் இருக்கு.

பெரிய டாக்டரம்மா எங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லிச்சி. உள்ள புள்ள திணறுனா வயித்துக்குள்ளயே வெளிக்கிப் போயிடுமாம். தண்ணிக் கொடம் அதனாலதான் பச்சையாவுமாம். அதப் பாத்த ஒடனே துடிப்ப வுடாம கவனிச்சி, கொறஞ்சா கீறி எடுத்துடணுமாம். "ஏரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவ எறங்கியிருந்தாலும் சம்பந்தம் இல்ல," ன்னுது.

அப்போதான் தேவி வாயத் தொறந்தா.

"பதினோரு மணிக்கே எடுத்திருந்தா பொழச்சிருப்பானா மேடம்?"

அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சிச்சி. "அத நான் ரிப்போர்ட்டுல அப்படி எழுத முடியாதும்மா. நடந்தத மட்டும்தான் எழுதலாம், மேல அனுப்பலாம். அப்பறம் நடவடிக்கை எடுக்குறது அவங்க."

"எழுத வேணாம். எனக்குச் சொல்லுங்க."

"பொழச்சிருப்பான்," னு அந்தம்மா சொல்லிச்சி.

எல்லாரும் சொன்னது எழுதி, படிச்சிக் காட்டி, கையெழுத்து வாங்குனாங்க. பச்சையம்மா கட்டவெரல் மையைத் தொடைக்காமலே வெளிய வந்தா. மோகன் அவ பக்கம் பாக்காம வேப்பமரத்தாண்ட போயி நின்னுக்கினான். விமல் ஆட்டோவக் கொண்டாந்து நிறுத்துனான். தேவி மொதல்ல ஏறி ஒக்காந்தா. பச்சையம்மா ஏறலாமா வேணாமான்னு ரோட்டுல நின்னுக்கினு இருந்தா. தேவி தையல் வயித்தப் புடிச்சிக்கினு கஷ்டப்பட்டு நவந்து எடம் வுட்டா. பச்சையம்மா ஏறி ஓரமா ஒக்காந்துக்கினா. மோகன் முன்னால விமல் பக்கத்துல ஏறிக்கினான். நான் என் வண்டிய எடுத்துக்கினு பின்னாலேயே வந்தேன்.

மறுநாளு விடிஞ்சதும் வண்டிய எடுத்தேன். மொத கரையில எறா நிறுத்துக்கினே சொன்னேன். "தேவி கொல்லலடி. எறங்கவே இல்ல. ஆஸ்பத்திரியில கவனிக்காம வுட்டுட்டாங்க. நான் சொன்னது பொய்யி." அடுத்த கரையிலயும் சொன்னேன். மொத தடவ சொல்லச்சொல்ல எல்லாம் வாயப் பொளந்துக்கினு கேட்டாளுங்க. இப்போ ஆ, அப்படியான்னு கேட்டுட்டு வெல கம்மியா போடாதன்னு சண்டைக்கி வராளுங்க. பழி ஒட்டுற மாதிரி பழி போவுறது ஒட்ட மாட்டேங்குது. வுடல நானு. நாலு கரையிலயும் நின்னு ஒவ்வொருத்தியா புடிச்சி சொன்னேன்.

கடைசியா தோணிரேவு. லட்சுமி பறியக் கவுத்துக்கினே கேட்டா, "ஏன்க்கா, அவ எறா ஒனக்கு வரலன்னு ஒனக்குத் தெரியுமே. தெரிஞ்சும் ஏன் சொன்ன?"

நான் தராசுத் தட்டத் தொடச்சேன்.

"எங்ககிட்ட சொல்றியே, அவகிட்ட சொன்னியா?"

வண்டிய அங்கியே போட்டுட்டு நடந்தேன். தேவி வாசல்ல முறத்த வெச்சிக்கினு நெத்திலி கிள்ளிக்கினு இருந்தா. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து அன்னிக்கித்தான் வெளிய ஒக்காந்திருக்கா. நான் எதுக்க குந்துனேன். சுத்தி வளைக்கல.

"தேவி, ஒன்னப் பத்தி ஏரி பூரா பேசுனது நான்தான்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா என்னைய ஊட்டுக்குள்ள வுட்ட?"

அவ ஒரு மீனு தலையக் கிள்ளிப் போட்டா, இன்னொன்ன எடுத்தா.

"நீங்க வெளியாளு. டாக்டரு சொன்னத நம்புனீங்க. நான் எறங்கலன்னு எனக்குத் தெரியாதாக்கா? என் காலு, என் ஒடம்பு. தெரிஞ்சும் நானும் நம்புனேனே. ஆஸ்பத்திரி பெட்டுல படுத்துக்கினு யோசிக்கிறேன், எப்பவாவது எறங்கியிருப்பனோ, மறந்துட்டனோ, தூக்கத்துல எழுந்து போயிருப்பனோன்னு. அஞ்சு நாளு அதே யோசன. கண்ண மூட முடியல. அப்பறம் ஒன்னு ஞாபகம் வந்துச்சி. வலி வர்றதுக்கு முந்துன வாரம் கரைக்கி அத்தைக்கிக் கஞ்சி எடுத்துக்கினு போனேன். தூக்குச்சட்டிய நீட்டச்சொல்ல அலை வந்து என் காலு நனஞ்சிச்சி. இந்தா, கணுக்கால் வரைக்கும்தான். அதுதான்னு நானே முடிவு பண்ணேன், அதுலதான் அவன் செத்துட்டான்னு. அது கெடச்சப்பறம்தான்க்கா எனக்குத் தூக்கம் வந்துச்சி."